அபொகாதோ, அப்புக்காத்து, வக்கீல்

அக்கா,

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புதிதாக ஒரு ஜூஸ் கடை வந்திருக்கிறது. நேற்று என் இட்லிக் கடைக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது வெயில் தாங்காமல் அங்கே ஒதுங்கினேன். கடைக்காரர் மிக்ஸியில் பச்சையாக எதையோ போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார். பெரிய வாசனை ஒன்றும் இல்லை. நசுங்கிய புல்லையும் வெண்ணெயையும் ஒன்றாக முகர்ந்தது போல லேசாக ஒன்று. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"இன்னாண்ணா அது?"

"பட்டர் ஃப்ரூட்டும்மா. அவகேடோன்னு சொல்றாங்களே, அது. ஏற்காட்டுலருந்து வருது. இப்ப இதான் ஜாஸ்தி ஓடுது."

ஒரு டம்ளர் வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. சர்க்கரை கம்மியா என்று கேட்டார். இல்லண்ணா, எல்லாம் சரியாத்தான் கீது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீ பக்கத்தில் இல்லாமல் அதை வாயில் வைப்பது இதுதான் முதல் தடவை, அவ்வளவுதான். கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட் ரோட்டில் நடந்து வரும் வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். பேச்சு முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நான் முதலில் பார்த்தது நம் ஊரில் இல்லை. கடல் தாண்டி, வளைகுடாவில், ஒரு பெரிய வீட்டின் சமையலறையில். நான் போனபோது நீ அங்கே ஓராண்டு வேலை பார்த்து முடித்திருந்தாய். நான் சமையலுக்கு, நீ துணி துவைக்கவும் வீடு கூட்டவும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் கரும்பு வெட்டிப் பிழைத்த எனக்கு, அந்தச் சமையலறையின் தரையில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. அவ்வளவு பளபளப்பு. நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"தமிழா? எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிப் பக்கம்."

"பக்கம்னா?"

"கச்சிராயபாளையம்."

நீ கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டாய். "அடிப்பாவி! நாங்க மலையவுட்டு எறங்குனா மொதல்ல வந்து நிக்கறது உங்க ஊர்லதானே! கோமுகி டேம் தண்ணி குடிச்சி வளந்தவளா நீ?" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாய். கல்வராயன் மலைக்காரி. மலைக்குக் கீழே நானும் மலைக்கு மேலே நீயும் அத்தனை வருஷம் இருந்திருக்கிறோம், ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை. அன்றிலிருந்து நீ எனக்கு அக்கா.

அந்த வீட்டில் கார் ஓட்டியவர் கேரளாக்காரர். உன்னிடம் முதல் நாள் "ஞான் மலையாளி" என்றாராம். நீயும் மார்பில் கையை வைத்து, "நானும் மலையாளிதாங்க" என்றாயாம். கல்வராயன் மலை சனங்களை மலையாளி என்று சொல்வது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? மலையை ஆளுகிறவர்கள் என்று நீ விளக்கம் சொன்னதும், அவர் தன் மொழியில் என்னென்னவோ கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டதை நீ நடித்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு வலிக்கும்.

மூன்றாவது ஆள் மரிசெல். பிலிப்பைன்ஸ்காரி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள். நம் மூவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. கொஞ்சம் அரபி, கொஞ்சம் இங்கிலீஷ், மீதி கை ஜாடை. ஆனால் உனக்கு அது போதும். நீ எதைப் பார்த்தாலும் அதற்கு அவள் ஊரில் என்ன பெயர் என்று கேட்பாய். கேட்ட வார்த்தையை வாயில் போட்டு, கடலை மிட்டாய் மாதிரி நாள் முழுவதும் மென்றுகொண்டிருப்பாய். ஒருநாள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு இன்னா பேரு?" என்று தட்டிக் காட்டினாய். அவள் "மேசா" என்றாள்.

"ஏ, அது எங்க வார்த்தைடி!" என்று சண்டைக்குப் போனாய். அவளும் விடவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், அது அவர்களுடையதும் இல்லையாம். எப்போதோ ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் கப்பலில் வந்து அவர்கள் ஊரைப் பிடித்து வெகுகாலம் ஆண்டார்களாம். போகும்போது சாமியையும் வார்த்தைகளையும் விட்டுவிட்டுப் போனார்களாம். மேசா அவர்கள் விட்டது. சோப்புக்கு சபோன், அதுவும் அவர்கள் விட்டதுதான். "அப்ப நம்மூருக்கும் யாரோ கப்பல்ல வந்து மேசையப் போட்டுட்டுப் போயிருக்கான்" என்று நீ தீர்ப்புச் சொன்னாய்.

இந்தப் பழத்தை நாம் முதலில் பார்த்ததும் மரிசெல் கையில்தான். இரண்டாக வெட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, ஸ்பூனால் வழித்துப் பாலும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள். "அபொக்காதோ" என்றாள். நீ ஒரு வாய் தின்றுவிட்டு, "அபொகாதோ" என்று திருப்பிச் சொன்னாய். அவள் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"நோ, நோ! அபொக்காதோன்னா பழம். அபொகாதோன்னா லாயர்!"

வக்கீலுக்கும் பழத்துக்கும் நடுவே ஒரே ஒரு 'க்'தான். இரண்டுமே ஸ்பெயின்காரர்கள் கொண்டு வந்தவை. நீ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாய். "புரிஞ்சிதா அமுதா? அழுத்துனா பழம், வுட்டா வக்கீல்."

அதற்குப் பிறகு மரிசெல் ஒன்று சொன்னாள். தங்கள் நாட்டுப் பெண்களுக்கு வேலை செய்யும் இடத்தில் கஷ்டம் என்றால், தங்கள் தூதரக ஆபீசில் ஓர் அபொகாதோ இருக்கிறார், போய்ச் சொல்லலாம் என்று. நீ கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "எங்களுக்கு?" என்று கேட்டாய். அவள் உன் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

உன் ஒப்பந்தக் காலம் முடிந்தது. அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்றாள் வீட்டுக்காரம்மா. அடுத்த மாதம் வந்தது. நோன்பு முடியட்டும் என்றாள். நோன்பு முடிந்தது. புதிய ஆள் வரட்டும் என்றாள். பாஸ்போர்ட் அவள் பீரோவில் இருந்தது. அதற்குள் என் காலமும் முடிந்துபோனது. எனக்கு ஊரில் காத்திருக்க யாரும் இல்லை. உனக்குப் பூங்கொடி இருந்தாள். அவள் நடை பழகும்போது விட்டுவிட்டு வந்திருந்தாய். உன் நாத்தனார்தான் வளர்த்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவதற்குப் போனைக் கொடுப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கச் சொல்வாய். ஒருநாள் குழந்தை நன்றாகத்தான் பேசினாள். நாய்க்குட்டி பற்றிச் சொன்னாள். பிறகு பக்கத்திலிருந்த உன் நாத்தனாரிடம் திரும்பி, "அம்மா, போன் அம்மா சிரிக்குது" என்றாள்.

அவள் அம்மா என்றது உன் நாத்தனாரை. நீ போன் அம்மா.

நீ சிரித்துக்கொண்டுதான் போனை வைத்தாய். மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய். "அமுதா, நான் போய்டுவேன். நீ வரியா, இருக்கியா?"

முதல் தடவை நாம் கிளம்பியது குப்பை கொட்டுகிற சாக்கில். போலீஸ் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று கார் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தாய். அந்த வெயிலில் நடந்தே போனோம். உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால் இளவயது அதிகாரி ஒருவர். நல்ல முகம். நீ என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினாய், தமிழும் அரபியும் கைகளுமாக. அவருக்குப் புரியவில்லை. கடைசியில் நீ ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். "வக்கீல்! வக்கீல் வேணும்! வக்கீல்!"

அவர் முகம் தெளிந்தது. "வகீல்?" என்று கேட்டார். நீ தலையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். அவர் தண்ணீர் கொடுத்து, நாற்காலி காட்டி, யாருக்கோ போன் செய்தார். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "பாத்தியா? வக்கீல்னா எல்லா ஊர்லயும் வக்கீல்தான்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம், அக்கா.

கதவு திறந்தது. வந்தது நம்மை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்ட ஏஜெண்டு.

திரும்பும்போது, அழைத்துப்போக வந்த வீட்டுக் காரில் கேரளாக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "இவங்க பாஷையில வகீல்னா ஏஜெண்டு சேச்சி. நம்ம வக்கீலுக்கு இங்கே முஹாமின்னு பேரு." யாரிடமிருந்து தப்பிக்கப் போனோமோ அவனையே கூப்பிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அரபியிலிருந்து நம் ஊருக்கு வந்த வார்த்தைதானாம் அது. இங்கே வந்த இடத்தில் வேஷம் மாறிவிட்டது, அதை நம்பி அங்கே கொண்டுபோனோம்.

நம்மை யாரும் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பின்பக்கக் கேட்டுக்குப் பூட்டு வந்தது. நான் அழுதுகொண்டே மாவு பிசைந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். மரிசெல் வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "வகீல் வேணாம். முஹாமின்னு கேட்டாலும் போலீஸ் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் போன் பண்ணும். வீட்டவிட்டு வந்த பொண்ணுங்கள வைக்கிற இடம் ஒண்ணு கீது. அங்க எங்க அபொகாதோ வருவாங்க. அ-பொ-கா-தோ. அதைச் சொல்லு." அவள் இதை இப்படித் தமிழில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இப்படித்தான் காதில் நிற்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மரிசெல் மாதாகோவிலுக்குப் போக வெளியே போனாள். அவளுக்கு மட்டும்தான் அந்த அனுமதி. சாவி வாங்கித் திறந்து போனவள், கேட்டைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் போயிருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன். "மறந்துட்டாளா, வேணும்னே வுட்டாளா?"

"அத அவகிட்ட எப்பவும் கேக்காத. கேட்டா அவ பொய் சொல்லவேண்டி வரும்" என்றாய், செருப்பை மாட்டிக்கொண்டே.

இந்த முறை ஸ்டேஷனில் நீ வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்தப் பழைய அதிகாரி இல்லை. வேறு ஆள். யார் வீட்டு ஆள் என்று என்ன கேட்டும் பதில் வராததால், மாலைக்குள் நம்மை அந்த இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நீளமான ஒரு கூடம். பல நாட்டுப் பெண்கள். சிலர் மாதக்கணக்காக அங்கேயே இருந்தார்கள். பாதிப் பேருக்குத் தங்களை யார் வந்து கூட்டிப்போவார்கள் என்றே தெரியாது. அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு நாம் செய்தது தப்போ என்று தோன்றியது. நீ ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாய், டவுன் பஸ்ஸில் உட்காருவது மாதிரி.

சில நாட்கள் கழித்துக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா கோப்புகளை அணைத்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்தாள். மரிசெல் நாட்டுப் பெண்கள் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். அவர்களில் மூன்று, நான்கு பேரோடு பேசிவிட்டு அவள் கிளம்பத் திரும்பினாள். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்தாய். மலையில் ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குக் கூப்பிடுகிற குரல் உனக்கு. அந்தக் குரலில் கத்தினாய்.

"அபொகாதோ!"

அந்த அம்மா திரும்பினாள். உன்னைத் தங்கள் ஊர்க்காரி என்று நினைத்து, கம்பி அருகே வந்து அவர்கள் பாஷையில் மடமடவென்று என்னவோ கேட்டாள். நீ விழித்தாய். உனக்குத் தெரிந்தது எல்லாம் எவ்வளவு? ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னாய். "மேசா. சபோன். அபொகாதோ."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கம்பியை விடாமல் பிடித்தபடி நின்றாய். எவ்வளவு பெரிய கட்டடம் கட்டி வைத்திருந்தோம் அந்த ஒரு வார்த்தையின் மேல். அதற்கடுத்த வார்த்தை நம்மிடம் இல்லை.

அப்போதுதான் மூலையில் போர்த்திப் படுத்திருந்த ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். "ஆர் பிள்ளை அது, அப்புக்காத்தைக் கூப்பிடுறது?" என்றாள் தமிழில்.

நாம் இருவரும் திரும்பிப் பார்த்தோம். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரி. பெயர் தவமணி. அத்தனை நாள் ஒரே கூடத்தில் இருந்தும், அவள் யாரோடும் பேசாமல் படுத்தே கிடந்ததால் தமிழ் என்று தெரியவில்லை.

"அப்புக்காத்து இல்லக்கா, அபொகாதோ" என்றாய் நீ.

"அதுதான் நானும் சொல்றன். எங்கட அப்பு காலத்தில வக்கீலை அப்புக்காத்து எண்டுதான் சொல்றது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் எண்டு வந்த ஆக்கள் விட்டுட்டுப்போன சொல். இப்பதான் சட்டத்தரணி எண்டினம்." சொல்லிக்கொண்டே எழுந்து, போர்வையை உதறிவிட்டுக் கம்பியருகே வந்தாள். "சொல்லு, என்ன சொல்லவேணும்? எனக்கு இங்கிலீசு தெரியும்."

ஸ்பெயினில் புறப்பட்ட வார்த்தை பிலிப்பைன்சைச் சுற்றி மரிசெல் வாய்வழியாக உனக்கு வந்தது. ஸ்பெயினுக்குப் பக்கத்து வீட்டு வார்த்தை வேறு கப்பலில் ஏறி யாழ்ப்பாணம் போய், தமிழாகவே மாறி, தவமணி வாயில் இருந்தது. இரண்டும் அந்தக் கம்பிக் கதவில் சந்தித்துக்கொண்டன. இதெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாரோ நம் பேச்சைக் கேட்டுவிட்டார்கள்.

நீ சொல்லச் சொல்லத் தவமணி இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். தன்னால் தன் நாட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் பேச முடியும் என்றாள். தவமணி அதை உன்னிடம் சொன்னபோது அவள் குரலே இறங்கிவிட்டது. நீ யோசிக்கவே இல்லை.

"எங்களுக்காகப் பேச வேணாம்னு சொல்லுக்கா. எங்க நாட்டு ஆபீசுல போய், அமுதான்னு ஒருத்தியும் நானும் இங்க உக்காந்துக்கினு கீறோம்னு மட்டும் சொல்லச் சொல்லு. இந்த அக்காவும் கீதுன்னு அவங்க ஆபீசுலயும் சொல்லச் சொல்லு. நாங்க இங்க கீறது எங்களத் தவிர யாருக்கும் தெரியாது."

தவமணி சொன்னதை அந்த அம்மா கேட்டாள். கிளம்பி நின்றவள், கோப்புகளைத் தரையில் வைத்து, தானும் கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். மூன்று பேர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி என்பதை எழுத அவள் பட்ட பாடு!

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நம் ஆபீசிலிருந்து ஆள் வந்தார்கள். பாஸ்போர்ட் அந்த வீட்டு பீரோவிலிருந்து வெளியே வந்தது. தவமணியின் ஆபீசிலிருந்தும் வந்தார்கள். அவள் நமக்கு முன்பே கிளம்பிவிட்டாள். போகும்போது உன்னிடம், "போயிட்டு வாறன் அப்புக்காத்து" என்றாள். அன்றிலிருந்து நானும் உன்னை அப்படித்தான் கேலி செய்தேன்.

மரிசெல்லிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டோம். அவள் தன் காலத்தை முடித்துத் தன் தீவுக்குத் திரும்பிய பிறகு உன் போனுக்குக் குரல் அனுப்பினாள். கேட்டைப் பற்றி நீயும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வந்து இறங்கிய நாளை எப்படி மறப்பேன்? சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம், பிறகு மலை பஸ். நான் என் ஊரில் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். நீ என் பையைப் பிடித்துக்கொண்டாய். "மேல வா. தனியா என்னால முடியாது." உன் வீட்டு வாசலில் சாமை காயப் போட்டிருந்தார்கள். பூங்கொடி உன் நாத்தனாரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ கிட்டே போகவில்லை. தள்ளியே மண்ணில் உட்கார்ந்தாய். வெகுநேரம் கழித்து அவள் பாதி முகத்தைக் காட்டிக் கேட்டாள்.

"நீ போன்லருந்து வந்துட்டியா?"

"ஆமாங்க" என்றாய் நீ. பெற்ற பெண்ணிடம் 'ங்க' போட்டுப் பேசினாய். "வந்துட்டேங்க."

உன் நாத்தனார் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் சாமையைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நீ கள்ளக்குறிச்சியைத் தாண்டி எங்கும் போகவில்லை. நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டேன். வியாழக்கிழமை நீ இறங்கி வருவாய், புளியோ கடுக்காயோ விற்க. விற்றது போக மிச்சப் பொழுது என் கடையில்தான். மலையிலிருந்து எந்தப் பெண் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் அவளைக் கையோடு கூட்டி வந்து உட்கார வைத்து, நீ கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. "போற ஊர்ல வக்கீலுக்கு இன்னா பேருன்னு தெரியுமா?" அந்தப் பெண்கள் விழிப்பார்கள். "சோறு, தண்ணி, தூக்கம், எல்லாத்தையும் கையால காட்டிக்கலாம். வக்கீல கையால காட்ட முடியாதுடி. அந்த வார்த்தைய வாயில வச்சிக்கினு ஏறு பிளைட்டு." கடைக்கு வருகிற வக்கீல்கள் தட்டிலுள்ள இட்லியை மறந்துவிட்டு உன்னைப் பார்ப்பார்கள்.

போன வருஷம் உன் கால்கள் வீங்கின. ஏதோ பூச்சி என்றாய். கிட்னி என்றார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி கொண்டுவருவேன். ஒருநாள், இனி மலைக்கே போய்விடுகிறேன் என்றாய். நான் சண்டை போட்டேன். இங்கே இருந்தால் மிஷின் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார் என்றேன்.

"இருக்கறாங்க. நான் கேட்டுக் கேட்டு வந்து சேந்த எடம் மலைதானே அமுதா? திரும்ப என்ன அங்கருந்து வெளிய இழுக்காத" என்றாய். நான் உன் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். ஆம்புலன்ஸ் இல்லை, ஷேர் வண்டியில்தான் ஏறினாய். ஏறுமுன் என் கன்னத்தைக் கிள்ளினாய். விரலில் பலமே இல்லை. மழை ஆரம்பித்த வாரத்தில் பூங்கொடி போன் செய்தாள். "சித்தி, அம்மா போய்ட்டாங்க" என்றாள். அம்மா என்றுதான் சொன்னாள், அக்கா. போன் அம்மா என்று சொல்லவில்லை.

மரிசெல்லுக்கு நான்தான் சொன்னேன். அவள் அனுப்பிய குரலில் முதலில் வெறும் அழுகை. பிறகு "மேசா" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடைக்கு வருகிற வயதான வக்கீல் ஐயா ஒருவர், புத்தகம் படிக்கிற ஆள், உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் சொன்ன அந்த வார்த்தையைக் கவனித்தார். அபொகாதோவுக்கும் அப்புக்காத்துக்கும் இங்கிலீஷ் அட்வகேட்டுக்கும் தாய் ஒரே வார்த்தைதானாம். லத்தீன். அதற்கு அர்த்தம், 'உதவிக்குக் கூப்பிடப்பட்டவர்'. சட்டம் படித்தவர் என்றோ வாதாடுகிறவர் என்றோ இல்லை. கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து நிற்கிறவர். அவர் சொல்லி முடித்தபோது என் கை தானாகவே போனை எடுத்துவிட்டது, உனக்குச் சொல்ல. உன் நம்பர் வரைக்கும் போய்விட்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய்! நாள் முழுவதும் மென்றிருப்பாய். அந்த நம்பரை இப்போதும் அழிக்கவில்லை.

இன்னும் ஒன்று நடந்தது. போன வாரம் கடையில் கூட்டமாக இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல், கிசுகிசுவென்று. "யக்கா, அமுதாக்காவா? நான் மலைக்காரிங்க. இங்க டவுன்ல ஒரு வூட்ல வேல செய்றேன். செயினு காணோம்னு என்ன ஸ்டேஷன்ல கூட்டியாந்து உக்கார வச்சிகிறாங்க. நான் எடுக்கலக்கா. எனக்கு பயமா கீது."

"என் நம்பர் உனக்கு யாரும்மா குடுத்தது?"

அவள் உன் பெயரைச் சொன்னாள். நீ படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த பெண்கள் எல்லோரிடமும் என் நம்பரைச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொன்னாயாம். "வக்கீலு அப்புறம் வரட்டும். மொதல்ல அமுதாவ கூப்டுங்க, அவ வருவா" என்று சொன்னாயாம்.

நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அக்கா. கேட்டிருந்தால், எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றாலே பயம், உன் பின்னால் நின்றுதான் எனக்குப் பழக்கம் என்று சொல்லியிருப்பேன்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். வக்கீல் ஐயாவுக்குப் போகிற வழியிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்தில், உன் பூங்கொடியை விடக் கொஞ்சம் பெரியவளாக, சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரும்மா? இந்தப் பொண்ணுக்கு நீங்க இன்னா ஒறவு?" என்று கேட்டார்.

என்ன உறவு என்று சொல்வது? "கூப்பிட்டாங்க சார், வந்தேன்" என்றேன்.

வக்கீல் ஐயா வரும்வரை அங்கேயே இருந்தேன். அவர் வந்து பேசி, அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள். செயின் அந்த வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று மறுநாள் தகவல் வந்தது. அவளை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். நீயும் அதில் ஏறிப் போவதுபோல் இருந்தது.

இன்னும் எத்தனை பேருக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாயோ தெரியாது. இப்போதெல்லாம் போனை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் இட்லி ஊற்றுகிறேன். மணி அடித்தால், யார் என்று பார்க்காமலே எடுக்கிறேன்.

அமுதா